நகை நாடகத்தில் பெண்ணின் மறுமொழி: மதுரை அல்லி கதையை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

நாள்தோறும் வழங்கும் சொற்களுள் சில, நாம் மறந்துவிட்ட வரலாற்றைத் தம்முள் அடக்கிக் கொண்டிருப்பன. மனைவியின் சொல் மேலோங்கி நிற்கும் வீட்டை 'அல்லி தர்பார்' என்று எள்ளுதல் தமிழ்நாட்டில் பெருவழக்கு. எதிர்த்துப் பேசும் பெண்ணை 'அடங்காப்பிடாரி' என்று பழித்தலும் அத்தகையதே. முன்னதில், மதுரையை ஆண்டதாகக் கதை கூறும் அரசியொருத்தியின் பெயர் நகைப்பொருளாயிற்று. பின்னதில், ஊர்காக்கும் பெண்தெய்வத்தின் பெயர் வசைமொழியாயிற்று. 'தர்பார்' என்பது பாரசீக வழிவந்த சொல் ஆதலின், அத்தொடர் மிகப் பழையதன்று என்பது வெளிப்படை. எனினும் ஆளும் பெண்ணைக் கண்டு நகைக்கும் மனப்பாங்கு ஒன்று அதனுள் உறைந்து கிடக்கிறது. அந்நகை எவ்வாறு தோன்றியது, எதனை மறைக்கின்றது என்று காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஒப்புமையாக, மறுமலர்ச்சிக் கால இங்கிலாந்தில் எழுந்த நகை நாடகம் ஒன்றும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது சேக்சுபியர் இயற்றிய, 'அடங்காப்பிடாரியை அடக்குதல்' எனப் பொருள்படும் பெயருடைய நாடகம். தமிழ்க் கதையும் ஆங்கில நாடகமும் ஒன்றையொன்று அறியாதன. ஆயினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன: பெண் 'ஒல்லேன்' என்று கூறிய பின்னர், அம்மறுமொழி என்ன ஆயிற்று?

இரு வேறு வினாக்கள்

பெண்ணுக்குப் பேச்சு உண்டா என்பது ஒரு வினா. அவளது இசைவு பெறப்பட்டதா என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதியே பலரும் ஆராய்ந்துள்ளனர். 'இந்நூலில் பெண் வாய்திறந்து பேசுகின்றாள். ஆதலின் இது பெண்மையை உயர்த்தும் நூல்' என்று முடிவு கூறுதல் எளிது. அம்முடிவு பிழைபடுதலும் எளிது.

பழைய அக இலக்கணத்தை நோக்கின் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வெளிப்படக் கூறுதல் இயல்பன்று எனத் தொல்காப்பியர் வகுத்தார். மடலேறுதலும் பெண்பாலார்க்கு விலக்கப்பட்டது. எனவே தலைவியின் பேச்சுக்கு எல்லை உண்டு. ஆனால் அவளது இசைவுக்கு அங்கே பேரிடம் உண்டு. அன்புடைக் காமம் எனப்படும் ஐந்திணை, இருவர் உள்ளமும் ஒத்த இடத்தன்றி அமைவதில்லை. நொதுமலர் மணம்பேசி வருங்கால், தோழி அறத்தொடு நின்று தலைவியின் உள்ளத்தைத் தாயர்க்கு உணர்த்துகின்றாள். பேச்சுக் குறைந்த இடத்தும் இசைவு மதிக்கப்பட்டது என்க.

இதற்கு மாறான நிலைகளையும் பண்டையோர் அறியாதவர் அல்லர். எண்வகை மணங்களை விளக்கப் புகுந்த உரையாசிரியர்கள், பெண்ணை வலிதிற் கொள்ளுதலை இராக்கதம் என்றும், உறங்குவாளைக் கூடுதல் போல்வனவற்றைப் பைசாசம் என்றும் பெயரிட்டு, அவற்றை ஐந்திணைக்குப் புறம்பாக வைத்தனர். பெயரிடுதல் என்பது சிறு செயலன்று. செயலுக்கு உரிய பெயர் வழங்கும் வரையில் அதனை வேறொன்றாகக் காட்டுதல் அரிது. இக்குறிப்பை நினைவிற்கொண்டு அல்லி கதையினுட் புகுவோம்.

அல்லி கதையின் அமைப்பு

அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை முதலிய கதைப்பாடல்கள் நளவெண்பா ஆசிரியர் புகழேந்தியின் பெயரால் அச்சிடப்பெற்று வந்துள்ளன. அவற்றின் மொழிநடையும் யாப்பும் நளவெண்பாவோடு ஒவ்வாமையின், அவை பிற்காலத்தார் பாடியன என்பதே ஆராய்ச்சியாளர் துணிபு. பெரிய எழுத்துப் பதிப்புகளாகத் திருவிழாக் கடைகளில் விற்கப்பெற்ற இந்நூல்களைப் புலவர் போற்றிலர், மக்கள் போற்றினர். ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்ட நூல்கள் இவை.

கதையின் சுருக்கம் வருமாறு: பாண்டியன் மகளாகிய அல்லி, நாட்டைக் கவர்ந்து ஆண்ட நீன்முகனைக் கொன்று மதுரையின் அரியணை ஏறுகிறாள். அமைச்சும் படையும் காவலும் பெண்களாலேயே நடைபெறுகின்றன. ஆண்மகன் துணையை அவள் வேண்டினாள் அல்லள். தீர்த்த யாத்திரை வந்த அருச்சுனன் அவள்பால் வேட்கை கொள்கிறான். துறவியாக வேடம் புனைகிறான். முயன்றும் அவள் இசைவைப் பெற்றான் அல்லன். பின்னர்க் கண்ணன் துணைபுரிய, பாம்பு வடிவெய்தி அவள் பள்ளியறையுட் புகுகின்றான். அவள் உறங்குங்கால் தாலி கட்டப்படுகிறது. விழித்தெழுந்த அல்லி கொள்ளும் சினத்தையும் எதிர்ப்பையும் கதை விரிவாகப் பாடுகிறது. இறுதியில் அவள் அருச்சுனனை ஏற்கிறாள். புலந்திரன் என்னும் மகன் பிறக்கிறான்.

இக்கதைக்கு மூலம் எது? வியாச பாரதத்தில் அருச்சுனன் சித்திராங்கதையை மணக்கும் பகுதி உண்டு. வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகவே பாடினார். அங்கே தந்தையாகிய சித்திரவாகனனிடம் முறைப்படி பெண்கேட்கப்படுகிறது. பிறக்கும் மகன் தாய்வழிக் குலத்துக்கே உரியன் என்ற நிபந்தனையும் ஏற்கப்படுகிறது. வஞ்சனை இல்லை; போரும் இல்லை. சித்திராங்கதை ஆளும் அரசியும் அல்லள். கதைப்பாடல் ஆசிரியர் பெண்ணுக்கு அரியணையைத் தந்தார், வாளைத் தந்தார், மறுக்கும் வாயையும் தந்தார். அவ்வளவும் தந்தபின், அம்மறுப்பைக் கடப்பதற்குப் பாம்பையும் உறக்கத்தையும் படைத்தார்.

புறநானூற்றில் உள்ள மகட்பாற் காஞ்சிப் பாடல்களோடும் இதனை ஒப்பிடலாம். அங்கே பெண்வேண்டி வந்த வேந்தர்க்கு மறுப்புரைப்போர் தந்தையும் தமையன்மாருமே. பெண்ணின் மனம் இன்னதென்று அப்பாடல்கள் கூறுவதில்லை. அல்லி கதையிலோ மறுக்கும் வேந்தும் அவளே. வேட்கப்பட்ட மகளும் அவளே. ஆதலின் அவள் மறுமொழியைத் தந்தையின் செருக்கென்றோ குடியின் மானமென்றோ ஒதுக்குதற்கு இடமில்லை. அது பெண்ணின் சொல்லே. அச்சொல்லை விடையால் வெல்ல இயலாமையாற்றான், அவள் சொல்லற்றுக் கிடக்கும் உறக்கப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டது. உரையாசிரியர் பைசாசம் எனப் பெயரிட்ட செயலே இது. கதையோ அதனை மாயவன் விளையாட்டு எனக் காட்டுகிறது, கேட்போர் நகைக்கின்றனர்.

காதரீனாவின் மௌனம்

சேக்சுபியரின் நாடகம் 1590-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயற்றப்பட்டது. 1623-இல் வெளிவந்த முதற்பெருந்தொகுப்பில் அச்சேறியது. பாதுவா நகரச் செல்வர் பப்திஸ்தாவுக்கு மகளிர் இருவர். மூத்தவள் காதரீனா சுடுசொல்லினள். இளையவள் பியாங்கா அடக்கமானவள். பியாங்காவைக் காண்டலும் காதல்கொள்ளும் லூசென்சியோ முதற்கண் வியப்பது அவளது மௌனத்தையே. நாடகம் தொடங்கும்போதே பெண்ணின் மௌனம் அழகென்றும் பேச்சு நோயென்றும் வரையறுக்கப்பட்டு விடுகிறது.

காதரீனாவை மணக்க வரும் பெத்ருச்சியோ, ஞாயிற்றுக்கிழமை திருமணம் என்று அறிவிக்கின்றான். அன்று அவன் தூக்கிலிடப்படுவதைக் காண்பதே தனக்கு விருப்பம் என்னும் கருத்துப்பட அவள் விடையிறுக்கின்றாள். இதனினும் தெளிவான மறுப்பு வேறில்லை. ஆனால் அவனோ, பிறர்முன் இவ்வாறு சீறுவதெனத் தாங்கள் இருவரும் தனியே உடன்பட்டதாகக் கூறுகிறான். தந்தை கைகளைச் சேர்த்து வைக்கிறார். அதன்பின் அக்காட்சியில் காதரீனாவுக்குப் பேச்சில்லை. அவள் வாயடைத்து நின்றாளா, வெகுண்டு வெளியேறினாளா என்பதற்கு நூலில் குறிப்புமில்லை. சினமிக்க பெண் என்று பேர்பெற்றவள், தன் வாழ்வு முடிவு செய்யப்படும் அந்நொடியில் ஒரு சொல்லும் பெறவில்லை. அவளது 'இல்லை' என்பதற்கு 'ஆம்' என்று பொருள் கற்பிக்கப்பட்டதே அங்கு நிகழ்ந்தது.

மணத்திற்குப்பின் அவளுக்கு உணவு மறுக்கப்படுகிறது, உறக்கமும் மறுக்கப்படுகிறது. அல்லி உறக்கத்தால் வெல்லப்பட்டாள். காதரீனா உறக்கமின்மையால் வெல்லப்பட்டாள். பட்டப்பகலில் கணவன் ஞாயிற்றைத் திங்கள் என்றால், அவளும் திங்கள் என்றே கூறவேண்டும். இறுதிக் காட்சியில் அவள் நாற்பதுக்கு மேற்பட்ட அடிகளில், மனைவியர் கணவர்க்கு அடங்குதலே முறை என்று உரையாற்றுகிறாள். நாடகத்தின் மிக நீண்ட உரை அதுவே. பேச்சின் அளவை மட்டும் எண்ணுவோர், காதரீனா அங்கே குரல்பெற்றாள் என்பர். அவ்வுரையில் அங்கதம் உண்டு என்றும், அவள் உள்ளூர நகைத்தே பேசினாள் என்றும் கூறும் திறனாய்வாளரும் உளர். அவ்வாறு கொள்ளினும், பேசப்படும் பொருள் கணவன் வேண்டிய பொருளே. பிறன் கருத்தைத் தன் வாயாற் கூறுதலும் மௌனத்தின் ஒரு வகையே ஆகும்.

வள்ளி, பள்ளி, தடாதகை

தமிழ் மேடையில் இவ்வமைப்பு அல்லி கதையோடு நின்றுவிடவில்லை. மதுரைச் சீமையில் கோயில் விழாக்காலத்து நடைபெறும் நாடகங்களுள் தலைசிறந்தது வள்ளி திருமணம். பேரையூரில் பிறந்து வளர்ந்த யான், இளமையில் அந்நாடகத்தைப் பன்முறை விடியுமளவும் கண்டதுண்டு. நாரதர் வேடம் பூண்டாரும் வள்ளி வேடம் பூண்டாரும் பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் தொடுத்து வாதிடும் தருக்கக் காட்சியே மக்கள் உறங்காது காத்திருந்து கண்ட காட்சி. வள்ளி ஒரு சொல்லால் மடக்கியபோது பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பொலி இன்றும் என் செவியில் உள்ளது. அதே வள்ளி, பின்னர் யானைக்கு அஞ்சி, தான் இகழ்ந்த கிழவனையே தழுவிக்கொள்ளும் காட்சியில், சிரிப்பொலி ஆண்கள் பக்கத்திற்கு மாறிவிடும். அந்நாளில் யானும் உடன்சிரித்தேன். சிரிப்பு இடம் மாறியதன் பொருளைப் பின்னரே உணர்ந்தேன்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். வள்ளி முன்னரே முருகன்பால் உள்ளம் வைத்தவள். அவள் மறுத்தது அறியா வேடனையும் கிழவனையுமே. உண்மை வடிவம் காட்டப்பட்டதும் அவள் மகிழ்கிறாள் எனக் கந்தபுராணம் கூறும். எனவே அல்லிக்கு நேர்ந்தது வள்ளிக்கு நேரவில்லை. ஆயினும் மறுமொழியை விடையால் வெல்லாது அச்சத்தால் வெல்லும் உத்தி இரண்டிடத்தும் ஒன்றே.

பள்ளு நாடகங்கள் வேறொரு வகையைக் காட்டுவன. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளி, தன்னைப் புறக்கணித்த பள்ளன்மேல் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். அவள் சொல் செவிமடுக்கப்படுகிறது; பள்ளன் தொழுவில் மாட்டப்படுகிறான். நகை நாடகத்தில் பெண்ணின் முறையீடு பயன்பெற்றதற்கு இஃது அரிய சான்று. ஆனால் அவன் படும் துன்பம் பொறாது விடுவிக்குமாறு வேண்டுபவளும் அவளே. பெண் தொடுத்த வழக்கைப் பெண்ணின் வாயாலேயே முடித்து வைத்தல் இங்கும் காதரீனாவின் உரைக்கு இணையாக அமைகிறது.

மதுரையின் மற்றொரு பெண்ணரசி தடாதகைப் பிராட்டியார். திருவிளையாடற் புராணம் கூறும் அவ்வரலாறு நகை நாடகம் அன்று, வழிபாட்டுக்குரியது. எனினும் அமைப்பினை நோக்குதல் தவறாகாது. முடிசூடித் திசையெலாம் வென்ற பிராட்டியார், கயிலையில் இறைவனைக் கண்ட அளவில் மும்முலையுள் ஒன்று மறைய, நாணித் தலைகுனிந்து நிற்கிறார். சித்திரைத் திருவிழாவில் முடிசூட்டும் திக்குவிசயமும் முடிந்த பின்னரே திருக்கல்யாணம் நிகழ்கிறது. ஆனால் மதுரையில் மீனாட்சியின் ஆட்சி மணத்தால் மறைந்துவிடவில்லை. இன்றும் அவர் பெயராலேயே ஊரும் கோயிலும் அறியப்படுகின்றன. ஒரே ஊரில் ஆண்ட பெண்ணரசியர் இருவருள் ஒருவர் பெயர் வழிபாட்டிலும், மற்றொருத்தியின் பெயர் எள்ளலிலும் நிலைபெற்றமை சிந்தித்தற்குரியது.

மேடையும் நடிகரும்

மேடை வரலாற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சேக்சுபியர் காலத்தில் காதரீனாவாக நடித்தவர் ஓர் இளஞ்சிறுவர்; இங்கிலாந்தின் பொது அரங்கில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660-ஆம் ஆண்டிலேதான். தமிழ்நாட்டிலும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற குழுக்களில் பெண்வேடம் பூண்டோர் சிறுவரே. பெண் பேசுவதாக மேடையில் ஒலித்த சொல், ஆடவர் எழுதி ஆடவர் உரைத்த சொல்லாகவே பலகாலம் இருந்தது.

ஆயினும் இங்கே மாற்றொலியும் எழாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட நாடகக் குழுவை நடத்தினார். வள்ளியாக நடித்துப் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள், தம் குரலாலேயே நாட்டை ஈர்த்தார். மதுரை நாடக மேடையில் பாடி நடித்த கே. பி. ஜானகி அம்மாள் விடுதலைப் போரில் சிறைசென்று, 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். மேடைக்கதையின் முடிவில் அடங்கிய குரல், மேடையை விட்டு இறங்கிய பின்னர் அடங்காது ஒலித்தமைக்கு இவர்கள் சான்று.

திரைப்படம் மேடையின் வழியையே பெரிதும் பின்பற்றியது. பவளக்கொடி 1934-இல் திரைப்படமாயிற்று. சேக்சுபியர் நாடகக் கருவைத் தழுவிய அறிவாளி 1963-இல் வெளிவந்தது. 1972-இல் வந்த பட்டிக்காடா பட்டணமா, மதுரையை அடுத்த சோழவந்தானைக் களமாகக் கொண்டு, நகரத்து மனைவியை நாட்டுப்புறக் கணவன் வழிப்படுத்தும் கதையைக் கூறிப் பெருவெற்றி பெற்றது. அல்லியை அருச்சுனன் வென்ற மதுரை மண்ணில், நானூறு ஆண்டுகட்கு முன்னர்ப் பாதுவாவில் நிகழ்ந்ததாகப் புனையப்பட்ட கதை எளிதில் வேரூன்றியதில் வியப்பில்லை. அதற்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்தது.

எஞ்சிய குரல்

நகை நாடகம் பெண்ணின் மறுமொழியை முற்றும் அழித்துவிட்டதா எனின், இல்லை என்பதே விடை. இங்கிலாந்தில் 1611-ஐ ஒட்டி ஜான் பிளெட்சர் என்பார், சேக்சுபியர் நாடகத்துக்கு எதிர்மொழியாக ஒரு நாடகம் இயற்றினார். அதில் பெத்ருச்சியோவின் இரண்டாம் மனைவி மரியா, ஏனைய மகளிரோடு மாடியில் கதவடைத்துக்கொண்டு, தன் நிபந்தனைகளை ஏற்குமளவும் கணவனைப் புறத்தே நிறுத்துகிறாள். அடக்கியவனே அடக்கப்படுகிறான். 1633-இல் இரு நாடகங்களும் அடுத்தடுத்து அரசவையில் நடிக்கப்பட்டன. பிளெட்சரின் நாடகமே மிகுதியும் விரும்பப்பட்டது என்பது அரங்கக் கண்காணிப்பாளர் குறிப்பால் அறியப்படும்.

தமிழிலோ எதிர்மொழி கதைப்பாடல் மரபினுள்ளேயே எழுந்தது. மகன் புலந்திரனின் விருப்பத்தின் பொருட்டுப் பவளம் தேடிச்சென்ற அருச்சுனன், பவளக்கொடியை மணக்கிறான். அஃதறிந்த அல்லி அடங்கிய மனைவியாகப் பொறுத்திருந்தாள் அல்லள், சினந்தெழுந்து எதிர்க்கின்றாள். அடக்கி முடித்ததாகக் கருதப்பட்ட பெண்ணை அடுத்த கதையின் தொடக்கத்திலேயே மீண்டும் எழுப்பவேண்டிய தேவை பாடகர்க்கு இருந்தது. கேட்டோரும் அதனை விரும்பினர் என்பதற்கு அக்கதை மேடையிலும் திரையிலும் பெற்ற வாழ்வே சான்று. இவ்வளவு சினமும் நூலிற் பதிந்திருத்தலின், அல்லிக்கு நேர்ந்தது முறையன்று என்ற உணர்வு அப்பாடகர் உள்ளத்தில் எங்கோ இருந்தது எனக் கருதுதல் பொருந்தும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: நகை நாடகம் பெண்ணுக்குப் பேச்சைத் தாராளமாக வழங்குகிறது, அப்பேச்சின்றி நகையும் இல்லை, நாடகமும் இல்லை. ஆனால் அவள் 'ஒல்லேன்' என்னுமிடத்து அதனை நேர்நின்று வெல்லாது, காதரீனாவைப் போலப் பொருளைத் திரித்தோ, வள்ளியைப் போல அஞ்சுவித்தோ, அல்லியைப் போல உறக்கத்திற் கவர்ந்தோ கடந்து செல்கிறது. முதலிற் பறிக்கப்படுவது இசைவு. அதன்பின்னரே பேச்சு அடங்குகிறது. இவ்வரிசையை அறியாதார், பேச்சு மிகுதியைக் கண்டு பெண்ணுரிமை உண்டென மயங்குவர்.

நகைக்கு நிலைக்களன் நான்கெனக் கூறிய தொல்காப்பியர், எள்ளலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எள்ளுவது யார், எள்ளப்படுவது யார் என ஆராயும் கடமை நம்மைச் சார்ந்தது. வலிமையாலும் வஞ்சனையாலும் பெற்ற இசைவால் நிகழ்ந்த மணத்தை நீக்குதற்கு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் வழிவகுத்தது. அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே நம் உரையாசிரியர்கள் அத்தகைய கூட்டத்திற்குப் பெயரிட்டு, அன்பின் ஐந்திணையினின்று நீக்கி வைத்தனர். இடையில் வந்த நகையே அப்பெயரை மறக்கச் செய்தது.

கதைப்பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பில் அல்லியின் உறக்கக் காட்சி வருங்கால் மாணவர் நகைத்தல் இயல்பு. ஆசிரியர் அந்நகையைக் கடிந்து அடக்கவேண்டுவதில்லை. நகை ஓய்ந்தபின், 'அவள் விழித்திருந்த பொழுது என்ன விடை கூறினாள்?' என்று ஒரு வினா எழுப்பினால் போதும். அவ்விடை நூலிலேயே உள்ளது. பெரிய எழுத்துப் பதிப்புகளையும் பழைய நாடகக் கையெழுத்துப் படிகளையும் ஒப்புநோக்கி, அவ்விடை எங்கெங்கே விரிந்தும் எங்கெங்கே சுருங்கியும் வந்துள்ளது எனக் காணும் பணி இளம் ஆராய்ச்சியாளர்க்கு உரியது. அப்பணி நிறைவேறுமாயின், 'அல்லி தர்பார்' என்னும் தொடர் எள்ளலினின்று நீங்கி, மதுரையை ஒருத்தி ஆண்டாள் என்ற பழைய நினைவாகவே மீளும்.